அக்காவின் ஆட்சேபணை

என் அக்காவுக்கு என்னைப் பிடிக்காது. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன், உள்ளதை உள்ளபடி பதிவு செய்கிறேன். காரணம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சொத்துத் தகராறு கிடையாது. தகராறு செய்யும் அளவுக்கு எங்கள் அப்பா எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பெரிய நன்மையும் செய்ததில்லை. சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது. பாகற்காய் என்ன தப்பு செய்தது?

கோப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு மூல காரணம் இருக்கும் என்று நம்பி வாழ்ந்தவன் நான். அக்காவின் விஷயத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

"இவன் பொறந்தப்போ அழவே இல்லடி. மனு குடுத்தான்" என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். அவள் பேச்சு நன்றாக இருந்ததுதான் எனக்குத் தொந்தரவு. சுவையில்லாமல் திட்டியிருந்தால் போவதை எப்போதோ நிறுத்தியிருப்பேன்.

நான் சேலையூரில் இருந்தேன், அவள் பெருங்களத்தூரில் மகன் வீட்டில். அத்தான் ரயில்வேயில் இருந்து, ஓய்வு பெற்று, அதிக நாள் ஓய்வெடுக்காமல் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு மறைமலை நகரில் கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நல்ல பையன், படிவத்தைக் கண்டால் மட்டும் பயப்படுவான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து குழந்தைக்குச் சாதிச் சான்று வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் மாமா வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டுக்குப் போகாத மாதம் இல்லை. போனதும் அக்கா கட்டிலில் இருந்தபடியே மருமகளுக்குக் குரல் கொடுப்பாள்.

"தாசில்தார் வந்துட்டாரு. சேரைத் தொடச்சுப் போடு. டவாலி போட்ட பியூன் எங்கேன்னு கேளு."

அவளுக்கு இதயம் பலவீனமாகி, நடப்பது குறைந்துபோன வருடம் அது. நவம்பரில் அத்தானின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். வங்கிக்கு வர முடியாது என்பதால் படிவத்தை வாங்கிக்கொண்டு நானே போனேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறிகூடப் போட்டிருந்தேன்.

அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் உயிரோட இருக்கேன்னு நீ சொல்லித்தான் தெரியணுமா?"

"நான் சொல்லலைக்கா. சர்க்கார் கேக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானே."

கையெழுத்துப் போட்டாள். பென்சில் குறிக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே. அப்புறம் தலையணையில் சாய்ந்துகொண்டு, சந்தை விலை சொல்லும் குரலில் சொன்னாள்.

"டேய், நான் செத்தா நீ கோடி எடுத்துக்கிட்டு வந்துராதே. உன் கையால என் மேல துணி விழக்கூடாது. விழுந்துச்சுன்னா எழுந்து உக்காந்துருவேன்."

சமையலறையில் மருமகள் மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் வீட்டில் இல்லை. நான் படிவத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டு, "சரி" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுப் புடவை அவள் மேல் விழாமல் உடலை எடுக்க மாட்டார்கள். அதைத்தான் கோடி என்பது. அப்பா இல்லாவிட்டால் சகோதரன் போட வேண்டும். அவளுக்கு இருந்த சகோதரன் நான் ஒருவன். ஆகவே அவள் சொன்னது வெறும் கோபம் இல்லை. வழக்கம் முழுவதும் தெரிந்து, யோசித்து எழுப்பிய ஆட்சேபணை.

தை பிறந்த பிறகு ஒரு நாள் காலை என் மருமகன், அக்காவின் மகன், போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க."

நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர் வந்து பார்த்துட்டாரா?" என்பது. வீட்டில் இறந்தால் டாக்டர் சான்று இல்லாமல் சுடுகாட்டில் பேச்சே கிடையாது. அவன், "என்ன மாமா?" என்றான். எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும், அவரிடம் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். மனைவி மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருந்தாள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து சாவு வீட்டுக்கு உடனே வர முடியாது. வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எப்படி மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அந்த ஜவுளிக் கடை வாசலில் போய் நின்றேன் என்று தெரியவில்லை. கால் நடைமுறை அறிந்தது, தானாகப் போய்விட்டது. கடைக்கார பாய் எனக்குப் பல வருடப் பழக்கம்.

"வாங்க சார். யாருக்கு?"

"அக்காவுக்கு."

"கலரா காட்டட்டுமா? அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் எந்த நிறத்தை எடுத்தாலும் அந்த நிறம் பிடிக்காது என்பது மட்டும் தெரியும். மஞ்சளைத் தொட்டேன், விட்டேன். பச்சையைத் தொட்டேன். 'மாரியம்மன் கோயில் வேப்பமரம் மாதிரி இருக்கு' என்று காதருகே கேட்டது. விட்டேன். பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், நல்லதுக்குத்தானே?"

"கோடி பாய்" என்றேன்.

அவர் விரித்திருந்த சரிகைப் புடவைகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கினார். அரக்குக் கரை போட்ட பருத்திப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதையே வாங்கிக்கொண்டேன். நான் படியிறங்கும்போது எப்போதும் சொல்லும் "அடிக்கடி வாங்க சார்" அன்று வரவில்லை. 

ஷேர் ஆட்டோவில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கோடி எடுத்துக்கொண்டு வராதே. எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன். அவள் ஆட்சேபணையில் இரண்டு பகுதி. முதல் பகுதியை இரும்புலியூர் தாண்டுவதற்குள் மீறிவிட்டேன். இரண்டாவது இன்னும் மீதி இருந்தது: என் கையால் விழக்கூடாது.

தெருமுனையிலேயே சாமியானா தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். கூடத்தில் வாடகைக் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அக்கா. வாய் மூடியிருந்தது, அதுதான் அவள் முகத்தை வேறு யாருடைய முகம் போலவோ ஆக்கியது. மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அவன் தோளில் தட்டிக்கொண்டே, பெட்டியின் ஒயர் ஈரத்தில் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் அன்று ஆட்சி அக்காவின் நாத்தனாருடையது. ராயபுரத்திலிருந்து எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட கிழவி. என் கையில் இருந்த பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா தம்பி, கோடி எட்த்தாந்துட்டியா? நல்லது. உங்கக்கா எப்பவும் உன்னியப் பத்தித்தான் பேசிகினு இருப்பா."

"தெரியும்" என்றேன்.

"வாய்தான் தம்பி அப்டி. மன்சு தங்கம். உம்மேல உசுரு."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆளுக்கு ஆள் ஆரம்பித்தார்கள். உங்களைத் திட்டாம ஒரு நாள் இருந்ததில்லை, அதுவே ஒரு பாசம்தான். கோபம் இருக்கிற இடத்திலதான் குணம் இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. ஆளைப் பெட்டிக்குள் வைத்த அன்றைக்கே அவள் கருத்துகளையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். ஒரு மனுஷி வாழ்நாள் முழுதும் தளராமல், தடுமாறாமல் ஒரு தம்பியை வெறுத்திருக்கிறாள். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? அந்தக் கூட்டத்தில் அவள் வார்த்தையை வார்த்தையாக எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

சொல்லிவிடலாம்தான். 'என் கையால் துணி விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்' என்று ஒரு வாக்கியம். ஆனால் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அம்மா கடைசி வரைக்கும் இப்படித்தான் இருந்தாள் என்று அவனுக்கு அன்றைக்கா தெரிய வேண்டும்? சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கோபத்தில் சொன்னது என்று அதையும் ரத்து செய்துவிட்டு என்னைப் பிடித்துத் தள்ளுவார்கள்.

வழக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பிறந்த வீடு என்றால் கூடப் பிறந்தவன் மட்டும் இல்லை. பங்காளியும் பிறந்த வீடுதான். சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் சித்தப்பா மகன் இருந்தான். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. அக்காவுக்கு அவன் என்றால் உயிர். அவன் வந்தால் இரண்டு மணி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவன் கையால் விழுந்தால் வழக்கமும் நிற்கும், ஆட்சேபணையும் நிற்கும். செய்தி போயிருந்தது, வேலையில் ஆளை மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதுவரை உடலை எடுக்க விடக்கூடாது.

ஒரு கோப்பை எப்படி நகராமல் வைப்பது என்று எங்கள் துறையில் யாரும் பாடம் நடத்துவதில்லை. பார்த்துப் பார்த்து வந்துவிடும். சேவையில் இருந்தபோது அதைச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்று மொத்த வித்தையையும் இறக்கினேன். டாக்டர் சான்றுக்கு நகல் எடுக்காமல் மூலத்தைச் சுடுகாட்டில் கொடுத்துவிடக் கூடாது என்றேன். நகல் எடுக்கப் போன ஆள் கரண்ட் இல்லை என்று திரும்பி வந்தான். எனக்கு உள்ளூர நிம்மதி. வேறு கடைக்கு அனுப்பினேன். சவ வண்டி தெற்குப் பார்த்து நிற்கிறதே என்றேன். அதைத் திருப்பினார்கள். எதிரே தண்ணீர் லாரி வந்து இரண்டும் மாட்டிக்கொண்டன. அதற்குள் பூக்காரர் மீதி மாலை கொண்டு வந்தார். அதை எண்ணிச் சரிபார்த்தேன். யாரும் கேட்காத மாலை.

"நேரம் போய்கினே கீது தம்பி" என்றாள் நாத்தனார். "பொட்டிலேர்ந்து எட்த்துக் குளிப்பாட்டியாச்சி, கோடியப் போடு, தூக்கட்டும்."

"சிங்கப்பெருமாள் கோவில் தம்பி வந்துரட்டும்."

"அவன் வந்தா இன்னா, வராக்காட்டி இன்னா? கூடப் பொறந்தவன் நீ கீறியே!"

நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். ரயில்வே கேட் மணி அடிப்பது கேட்கும்போதெல்லாம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் வண்டியா என்று நின்று கேட்டேன். பையை யாரிடமும் கொடுக்கவில்லை. வைத்தால் யாராவது எடுத்து என் கையில் விரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வழியாக அவன் வந்தான். ஸ்டேஷனிலிருந்தே அழுதுகொண்டு வந்திருக்க வேண்டும். தெருமுனையில் தோளில் மாலையோடு தெரிந்தபோதே சட்டை நனைந்திருந்தது. "யக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் சாமியானாவுக்குள் ஓய்ந்திருந்த அழுகை மறுபடி எழுந்தது. அவனை வாசல்படியிலேயே பிடித்துப் பையை அவன் கையில் வைத்தேன்.

"இந்தா. நீ போடு."

"இன்னாண்ணா நீ? நீதானே போடணும்!"

"நீயும் பொறந்த வீடுதான். நீ போடலாம்."

"போடலாம்ணா. ஆனா நீ உயிரோட நின்னுகினு கீறே, நான் போட்டா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். போடுடா."

நான் அவனை 'டா' போட்டுப் பேசியதே இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், உள்ளே போனான். கூடத்தில் வழி விட்டார்கள். அவன் புடவையை விரித்து, அழுதுகொண்டே, கழுத்திலிருந்து கால் வரை அவள் மேல் போர்த்தினான். அரக்குக் கரை நேராக விழுந்தது. நான் வாசலில் சாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் எழுந்து உட்காரவில்லை.

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். "செத்தவகிட்டயுமா வீம்பு? இன்னா ஜென்மமோ!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "கை அழுக்காயிடும்னு கவர்மென்ட்ல சொல்லிக்கீறாங்க போல."

மருமகன் காதில் அது விழுந்தது. என்னைப் பார்த்தான், பிறகு பார்ப்பதை நிறுத்தினான். சுடுகாட்டில் என்னைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனான். அந்த வீட்டில் என்னை மதித்த ஒரே ஆண்பிள்ளை அவன். அவள் வார்த்தையைக் காப்பாற்றப் போய் அவனை இழந்தேன்.

அடுத்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துக்கமா என்று கேட்டால் தெரியாது. எங்கள் துறையில் அதற்குத் தலைப்பு இல்லை. காலையில் காபி குடித்துவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போவேன். நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்கே இறங்குவேன். மறுபடி ஏறி மேற்கே இறங்குவேன். பழம் விற்பவர்கள் என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்கள். பேரூராட்சி அலுவலகத்தில் இறப்பைப் பதிவு செய்தேன். வங்கியில் ஓய்வூதியத்தை நிறுத்தச் சொன்னேன். அவள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டு போய்க் கொடுத்ததும் நான். இல்லை என்பதற்குக் கொடுத்ததும் நான். இந்த இரண்டாவது படிவத்தில் யாரும் பென்சில் குறியைத் தள்ளிக் கையெழுத்துப் போடவில்லை. சரியான இடத்தில் நானே போட்டேன். நன்றாகவே இல்லை.

பெங்களூரிலிருந்து மனைவி போனில் கேட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"எங்கே அலைஞ்சுட்டு வரீங்க? மூச்சு வாங்குதே."

"வேலை இருக்கு. ரேஷன் கார்டுல பேர் எடுக்கணும்."

"அது மெதுவா எடுக்கலாம். திட்டறதுக்கு ஆள் இல்லாமத்தானே இப்படி அலையறீங்க? இருங்க, நான் வந்துடறேன்."

அவளும் அக்கா மாதிரியே பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு என்னைப் பிடிக்கும். அதனால் அவ்வளவு கூர்மை வரவில்லை.

கருமாதி அன்று விடிந்ததும் போனேன். போகாமல் இருக்க முடியாது. கருமாதியில் சடங்கு முடிந்ததும் மகனுக்குத் தாய்மாமன் உருமா கட்ட வேண்டும்: புது வேட்டித் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றி, இனி இந்தக் குடும்பத்துக்கு நீதான் என்று எழுப்பி நிறுத்துவது. தாய்மாமனுக்குப் பதில் ஆள் கிடையாது. இதில் பங்காளியை அனுப்ப முடியாது.

மருமகன், "வாங்க" என்றான், காலண்டரைப் பார்த்து. நாத்தனார் அதையும் சொல்லவில்லை. நான் கூடத்தில் இருக்க முடியாமல் சமையலறை வாசலில் போய் நின்றேன். மருமகனின் மனைவி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்குப் பேச வாய்ப்பு எங்கே கிடைத்திருக்கும்? மிக்ஸியை நிறுத்தினாள். ஒரு டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா."

அவள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க அன்னிக்குப் போட்டிருந்தீங்கன்னா அத்தை நிஜமாவே எழுந்து உக்காந்திருப்பாங்க."

டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன்.

"கேட்டுச்சா உனக்கு?"

"மிக்ஸி ஓடினாலும் அத்தை குரல் கேக்கும் மாமா. உங்களைப் பேசும்போது இன்னும் கொஞ்சம் ஏத்தித்தான் பேசுவாங்க." ஜாடி மூடியைத் திறந்து, "அவங்களுக்கு உங்களை நிஜமாவே பிடிக்காது, இல்ல?" என்றாள்.

"சுத்தமா பிடிக்காது" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடக்க அடக்கப் பீறிட்டது, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, மூக்கிலிருந்து காபி வந்தது. அவள் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள். கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல்: "கருமாதி வூட்ல இளிக்கிறான் பாரு!"

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா மாமா?" என்று கேட்டாள். "உங்க மேல தப்பா நினைச்சுக்கிட்டே இருக்காரு."

"வேணாம்மா. அவனுக்கு அம்மா வேற மாதிரி. அப்படியே இருக்கட்டும்."

அவள் ஜாடியில் உளுந்தைத் தள்ளினாள். மிக்ஸியைப் போட்டாள்.

சடங்கு முடிந்து மருமகனை மணையில் உட்கார வைத்தார்கள். உருமாத் துணியை என் கையில் கொடுத்தார்கள். நான் அவனுக்குப் பின்னால் நின்று துணியை நீளமாக மடித்தேன். மொட்டையடித்த தலை, அம்மாவின் தலை அமைப்பு. அவன் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தான். துணி நெற்றியில் படும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இது மட்டும் உங்க கையால போடலாமா மாமா?"

அம்மாவின் பிள்ளைதான். அளவெடுத்துச் சொன்ன சொல். பதில் என் வாயில் தானாக வந்தது.

"இதுக்கு ஆட்சேபணை எதுவும் வரலை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவன் தலையைத் திருப்பி மேலே என்னைப் பார்த்தான். பிறகு சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவன் கொஞ்ச நேரம் அந்தக் காலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் திரும்பித் தலையைக் குனிந்தான்; நான் சுற்றுவதற்கு வாகாக.

சுற்றினேன். முடித்து முனையைச் செருகியபோது சித்தப்பா மகன் முன்னாலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"கோணலா கீதுண்ணா."

"அதானே பாத்தேன்" என்றாள் நாத்தனார். "இது ஒண்ணாச்சும் ஒய்ங்கா தெரியுதா?"

"அவிழ்த்துக் கட்டுங்க மாமா" என்றான் மருமகன், குனிந்த தலையோடு. "நான் இருக்கேன்."

அவிழ்த்தேன். முதல் மடிப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.